ஒண்ணும் தெரியல

“ஒண்ணும் தெரியல” என்று இன்றைக்கு யார் சொன்னாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். என் தங்கையைச் சாகடிக்கப் பார்த்த வார்த்தை அது.

தொண்ணூறுகளின் கடைசி. அவள் பிளஸ் டூ, பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. எங்கள் வீடு கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, மறுநாள் வலது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. தெருமுனை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, குடல்வாலாக இருக்கலாம், செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் என் தொடையை இறுகப் பிடித்தாள். கத்தும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. கத்தியிருந்தால் அப்பா நம்பியிருப்பாரோ என்னவோ.

ஸ்கேன் சென்டரில் மூத்திரம் முட்டும் வரை தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவளை. குடித்ததையெல்லாம் கக்கினாள். நான் வெளியே அவள் தாவணியை அலசிக்கொண்டிருந்தபோது ஸ்கேன் டாக்டர் அப்பாவிடம் சொன்னாராம்: “வயிறு பூரா கேஸ். ஒண்ணும் தெரியல.”

காற்று மறைக்கிறது, குடல்வால் கண்ணில் படவில்லை என்பதுதான் அவர் சொன்னது. வெறும் வாயு, நோய் எதுவும் இல்லை என்று அப்பா எடுத்துக்கொண்டார். அதையே தெருமுனை டாக்டரிடம் ஒப்பித்தார். அப்பாவை விடுங்கள். படித்த அந்த மனுஷன், எது தெரியவில்லை என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? வாயு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாத்திரைக்கும் ஓமத் தண்ணிக்கும் வலி அசையவில்லை. திரும்ப ஸ்கேன் எடுக்கலாம் என்று கெஞ்சினேன்.

“அதான் ஒண்ணும் தெரியலன்னு சொல்ட்டாங்களே, இன்னும் இன்னா? பரிச்சைக்குப் பயந்துகினு நடிக்குது” என்றார் அப்பா.

மறுநாள் மத்தியானம் வலி சட்டென்று நின்றது. பார்த்தாயா என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது, வயிறு பலகையாக இறுகிவிட்டது. யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து, செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அறுவை டாக்டர் கை வைத்த உடனே, வலி நின்றது குணமானதால் இல்லை, குடல்வால் வெடித்ததால் என்றார். பிழைப்பாளா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

பிழைத்தாள். அறுத்தெடுத்த குடல்வாலை மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, சதைப் பரிசோதனைக்கு லேபில் கொடுக்கச் சொல்லி என் கையிலேயே தந்தார்கள். சுண்டுவிரல் நீளம், கன்னங்கரேல் என்று, நுனியில் கிழிந்து. சேதி கேட்டு வந்து வழியில் நின்றிருந்த அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

“இதாம்பா நடிச்சுது. நல்லாப் பாத்துக்கோ.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பாவமாக இல்லை, இப்போதும் இல்லை.

லேப் ரிசல்ட் வந்தபோது பள்ளிக்கூடத்தில் தேர்வு நடந்துகொண்டிருந்தது, அவள் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குடல்வால் அழுகி ஓட்டை விழுந்திருந்தது என்று போட்டிருப்பதைப் படித்துச் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் நடிக்கலன்னு அதுல எழுதிக்கீதாக்கா?”

“எழுதிக்கீது” என்றேன், வாசலில் நின்ற அப்பாவுக்குக் கேட்கும்படி.