ஒற்றை இலையைத் தின்ற மாப்பிள்ளை

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் மைத்துனர் ஒரு லேகிய விளம்பரத்தைப் போட்டுவிட்டார். ‘ஓரிதழ்த் தாமரை லேகியம், ஆண்மைக்கு அரண்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தனியாக யாருக்கோ போகவேண்டியது கை தவறி அத்தை, சித்தி, பேரன் பேத்தி எல்லாரும் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. பதறி அழித்தார். அழித்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி நின்றது. அதைவிடச் சத்தமான செய்தி அந்தக் குழுவில் இதுவரை வந்ததில்லை. என் மனைவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “பாவம் எங்க அண்ணன்” என்றாள். எனக்கு மைதீன் ஞாபகம் வந்தது.

மைதீனைச் சொல்வதற்கு முன்னால் மலச்சிக்கலைச் சொல்லவேண்டும். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு மூலிகை ஏற்றுமதிக் கம்பெனியில்தான் நான் முதலில் வேலை பார்த்தேன். முக்கியச் சரக்கு நிலாவாரை இலை. வயிற்றை இளக்குவதற்கு அதை மிஞ்சியது இல்லை. கப்பல் தாமதமானால் ஜெர்மனியில் எத்தனை பேருடைய காலைப்பொழுது நின்றுபோகுமோ என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டதுண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனிதனுக்கு அப்படி ஒரு பொறுப்புணர்ச்சி இறுகியிருக்கும். பிறகு அதுவும் இளகிவிடும். கிடங்கில் பழைய தேயிலையும் வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. சட்டையோடு அது அறைக்கும் வரும். என் பக்கத்தில் படுப்பவன் அதை மோந்தே காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவான்.

முதலாளி உடன்குடிக்காரர். கப்பல் ஏஜெண்டிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. மைதீன் காயல்பட்டினத்துக்காரன், என் பக்கத்து மேஜை, ஏற்றுமதிக் காகிதங்களைத் தட்டச்சு செய்பவன். அப்போதுதான் அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. அவர்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அங்கே மருமகனுக்குத் துன்பம் என்று நினைத்துவிடவேண்டாம். நன்றாகக் கவனிப்பார்கள். ஆனால், கவனிப்பார்கள்.

கேரளத்து மருந்துக் கம்பெனி ஒன்று ஓரிலைத் தாமரை கிடைக்குமா என்று கேட்டிருந்தது. மலையடிவாரத்திலிருந்து சரக்குக் கொண்டுவருகிறவர், மாதிரிக்கென்று ஒரு மண்தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தொட்டி நிறைய மண், நடுவில் ஒரே ஒரு இலை. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, மடிப்பு மடிப்பாக, விரித்த விசிறி போல. தாமரைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அண்ணாச்சி அதை அலுவலக ஜன்னலில் வைத்தார்.

கணக்கர் சந்தனம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஓரிதழ்த் தாமரைல்லா இது. காலைல வெறும் வயித்துல ஒரு எல தின்னா போதும்வே.”

“போதும்னா?” என்று ஒருவர் கேட்டார்.

“போதும்னா போதும். வீட்டுல கேட்டுப் பாரும்.”

ஓரிலை வேறு, ஓரிதழ் வேறு. இது ஒரு செடி, அது வேறொரு செடி. இது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர்ப் பானை அந்த ஜன்னல் பக்கம்தான் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் கல்யாணமானவர்களுக்கெல்லாம் தாகம் அதிகமாகிவிட்டது.

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் தொட்டியில் மண் மட்டும் இருக்கிறது. இலையைக் காணோம். சனிக்கிழமை கடைசியாகக் கதவைப் பூட்டிவிட்டுப் போனவன் மைதீன். புதுமாப்பிள்ளையும் அவன்தான். விசாரணைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

“எலே மைதீன், கழுவித் தின்னியா, மண்ணோடயா?” என்றார் சந்தனம்.

“நான் தின்னலண்ணே.”

“பின்ன மூஞ்சில எப்படிலே இவ்வளவு தேஜஸு?”

எங்கள் பக்கத்துப் பேச்சில் இலையும் எலதான். ஆளைக் கூப்பிடுவதும் எலேதான். அதற்குப் பிறகு யார் “எலே” என்றாலும் மைதீனுக்கு அது எல என்றே காதில் விழுந்தது. “எலே, டீ குடிக்கியா?” என்றால்கூட முகம் சிவந்துவிடும். கூப்பிட்டவர்களிலும் பாதிப் பேர் வேண்டுமென்றே கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கினார்கள். நானும்தான்.

செய்தி திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி காயல்பட்டினத்தில் இறங்கிவிட்டது. ஒருநாள் மைதீனின் மாமனார் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியும் அத்தர் மணமுமாக நேரே ஆபீசுக்கு வந்தார். நிலாவாரை வாசனை முதன்முறையாகத் தோற்றது அன்றைக்குத்தான்.

“எங்க மாப்புள என்னவோ எலயத் தின்னாவளாம். ஒடம்புல கொறை ஏதும் இருந்தா மறைக்காமச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க ஊர்லயே நல்ல டாக்டர் இருக்காரு.”

“கொறையெல்லாம் ஒண்ணுமில்ல ஹாஜியாரே. எல காணாமப் போனது நெசம். தின்னத யாரும் பாக்கல.”

“பாக்கலன்னா தின்னலன்னு அர்த்தமா?”

அண்ணாச்சி டீ வரவழைத்தார். வேறென்ன செய்வார். உள்ளே மைதீன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

பங்குனியில் அவனுக்குச் சவுதியில் தமாம் போக விசா வந்தது. கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றிவிட்டு நிற்கையில் மைதீன் சொன்னான்: “மாமா கேட்டாவ. மச்சினன் கேட்டான். பக்கத்து வீட்டுக் காக்கா, அந்தப் பெரியவரும் கேட்டாரு. வீட்டுல அவ மட்டும் கேக்க மாட்டேங்கா. கேட்டாத்தான இல்லன்னு சொல்ல முடியும்?”

“நீயாச் சொல்லிப் பாரேன்.”

“கேக்காமச் சொன்னா, தின்னவன் சொல்லுத மாதிரி இருக்கும்லா?”

 இல்லாத குற்றத்தைச் சுமந்துகொண்டு, மனைவிக்குச் சொல்லமுடியாத ஒரு ‘இல்லை’யோடு அவன் தமாமுக்குப் போனான்.

வைகாசியில் எங்கிருந்தோ தப்பி வந்த ஒரு மழை சாரலடித்தது. ஒரு வாரத்தில் அந்த வெறுந்தொட்டியிலிருந்து ஒரு தண்டு எழுந்து, வெளிர்பச்சையாகச் சில பூக்களைத் தொங்கவிட்டது. இலை ஒன்றும் இல்லை. “எளவு வீட்டுல கல்யாணமா இருக்கே” என்றார் அண்ணாச்சி. பூ சில நாளில் வாடி மண்ணோடு மண்ணானது. ஐப்பசியில் மழை பிடித்ததும் பழைய ஒற்றை இலை ஒன்றும் அறியாததுபோல விரிந்தது. இந்தத் தடவை அண்ணாச்சி தன் மேஜையையே ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் காவலிருந்தார். தண்ணீர்ப் பானையை வேறு பக்கம் மாற்றினார். தை வந்தது. இலை பழுத்தது, சாய்ந்தது. ஒருநாள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கையில் காம்போடு மண்ணில் விழுந்தது.

 சந்தனம்தான், “ஆத்தாடி, தானால்லா விழுது. போன தடவ ஜன்னல் காத்து அள்ளிட்டுப் போயிருக்கும். ஒரு புள்ளய அநியாயமா எலதின்னி ஆக்கிட்டோமேவே” என்றார்.

“ஆக்குனது நீரு” என்றார் அண்ணாச்சி.

தொட்டியையும், கம்பெனிக் கவரில் போட்ட உதிர்ந்த இலையையும் என்னிடம் கொடுத்து, காயல்பட்டினத்தில் ஹாஜியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹாஜியார் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இதுக்குத்தானா இவ்வளவு?” என்றார். உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மைதீனின் மனைவி குரல் வந்தது. “தானா விழுந்ததுதானே அண்ணே? நான் அப்பமே நெனச்சேன்.”

“அவன்ட்ட கேட்டிருக்கலாமேம்மா?” என்றேன்.

“கேட்டா நான் சந்தேகப்படுதேன்னு நெனப்பாவ. கேக்காம இருந்தா நம்புதேன்னு நெனப்பாவன்னு இருந்துட்டேன்.”

தொட்டியைக் கீழே வைத்தேன். கனமாகத்தான் இருந்தது. தமாமுக்கு அவள் அடுத்துப் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டில் முதல் பேச்சே இலையைப் பற்றித்தான் என்றும், அவன் அதைத் தேயத் தேயக் கேட்டான் என்றும் பின்னால் அவனே சொன்னான்.

அந்தச் செடியைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகுநாள் கழித்து. நெர்வீலியா என்கிற பேரினம். வெப்ப நாடுகளில் மண்ணில் முளைக்கிற ஆர்க்கிட். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். பூ வரும்போது இலை இருக்காது, இலை வரும்போது பூ இருக்காது. ஆர்க்கிட் என்ற பெயரே, கிழங்கைப் பார்த்த கிரேக்கர்கள் ஆண் உடம்பின் ஓர் உறுப்பை நினைத்து வைத்ததாம். ஆக சந்தனம் தமிழில்தான் தப்பு, கிரேக்கத்தில் சரி.

மைதீன் லீவில் வருவதெல்லாம் கோடையில், வைகாசியை ஒட்டி. அவனுக்கு வாய்த்தது பூ, அவளுக்கு வாய்த்தது இலை. “ஒரு எலயத் தின்ன கேசுல மாட்டுனவன், அப்புறம் அந்த எலயக் கண்ணால பாக்கவே இல்ல” என்பான்.

நேற்று அவனைக் கூப்பிட்டேன். சர்க்கரையும் மூட்டுவலியுமாக ஊரோடு வந்துவிட்டான். எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அண்ணாச்சி இல்லை, சந்தனம் இல்லை. ஆளை ‘எலே’ என்று கூப்பிடவும் யாருமில்லை என்றான். ஊரில் எல்லாருக்கும் அவன் ஹாஜியாராம். மைத்துனர் கதையைச் சொன்னேன். சிரித்தான். தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வந்த வருசம் பூவையும் பாத்தேன், எலயையும் பாத்தேன். அப்புறம் வெறும் மண்ணா கெடக்கேன்னு தெனமும் தண்ணி ஊத்துனேன். கெழங்கு அழுகிட்டு.”

பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது. திரை எதுவும் இப்போது இல்லை, ஸ்பீக்கரில்தான் பேசினாள். “இத்தன வருசம் நான் ஒண்ணும் செய்யாமத்தான் அண்ணே அத வளத்தேன்.”

“கேட்டியால்லா?” என்றான் மைதீன். “இந்தத் தடவ நெசமாவே நான்தான்.”