காஜா மட்டும்தான் பாக்கி

எங்க அண்ணன் பொண்டாட்டியைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா, நாத்தனார் புத்தியைக் காட்டுறான்னு சொல்வீங்க. சொல்லிக்கோங்க. உள்ளதைச் சொல்றதுக்கு எனக்கென்ன பயம்? அண்ணி டைலர். கை சுத்தம், தையல் சுத்தம், வாயில வர்றது மட்டும் சுத்தப் பொய். எப்போ கிடைக்கும்னு யார் கேட்டாலும், "தைச்சாச்சு, காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க"ம்பாங்க. பட்டன் மாட்டுற ஓட்டை போட எவ்வளவு நேரம் ஆயிடப் போகுதுன்னு வந்தவங்களும் நம்பித் திரும்பிப் போவாங்க. கொடுத்த துணி பையை விட்டு வெளியவே வந்திருக்காது. பட்டனே இல்லாத பாவாடைக்கும் காஜாதான் பாக்கி. என் மூத்தவளுக்குக் கொடுத்த கவுன் வந்து சேர்றதுக்குள்ள அவ வளர்ந்துட்டா, சின்னவதான் போட்டுக்கிட்டா. தெருவே அவங்களை "காஜாக்கா"ன்னுதான் கூப்பிடும்.

அண்ணிக்கு ஒரே பொண்ணு. அரசுப் பள்ளிக்கூடத்துல என் சின்னவளோட ஒரே வகுப்பு. அந்த வகுப்புக் கூரை மழையில ஊறி ஊறி விரிசல் விட்டு, ஒரு நாள் பெரிய காரைத் துண்டு ஒண்ணு அண்ணி பொண்ணு உட்கார்ற பெஞ்சு மேலயே விழுந்துது. சாப்பாட்டு நேரம், பிள்ளைங்க வெளியில இருந்தாங்க, தப்பிச்சாங்க. மறுநாள்லேர்ந்து அந்தப் பிள்ளை புத்தகப் பையைத் தலை மேல வெச்சுக்கிட்டுதான் பெஞ்சுல உட்கார்ந்தா. போர்டைப் பார்க்க மாட்டா, கூரையைத்தான் பார்ப்பா. வாயாடின்னு பேரெடுத்தவ, பக்கத்துல இருக்கிற பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. டீச்சர்தான் அண்ணியைக் கூப்பிட்டு இதைச் சொன்னாங்க. வேற பள்ளிக்கூடத்துல சேர்க்க வசதி கிடையாது. ஒண்ணு கூரை மாறணும், இல்லைன்னா பிள்ளையோட படிப்பை நிறுத்தணும்.

கூரைக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கணும். அதுக்கு எங்க சட்டமன்ற உறுப்பினர் எழுதிக் கேட்கணும். அவரை நாங்க எங்களுக்குள்ள "தொகுதி"ன்னு சொல்லுவோம். பெத்தவங்க எல்லாரும் சேர்ந்து தொகுதி வீட்டுக்குப் போனோம். முன்பக்கத்துப் பெரிய கூடம்தான் அலுவலகம். தொகுதி கண்ணுலயே படலை. அவரோட உதவியாளர்தான் எங்களை உட்கார வெச்சு, குடிக்கத் தண்ணி கொடுத்து, பிள்ளைங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு வரைக்கும் விசாரிச்சார். ஐயா எப்பவோ எழுதிட்டாராம். "எல்லாம் முடிஞ்சுதுங்க. ஒரே ஒரு கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க"ன்னார்.

எங்களுக்குத் தலைகால் புரியலை. திரும்பி வர்ற பஸ்லயே மளிகைக் கடைக்காரர் புதுக் கட்டடத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம்னு ஆரம்பிச்சுட்டார், அவர் பையனும் அதே வகுப்பு. அண்ணி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. என்ன இளிப்புன்னு கேட்டேன்.

"துணியே வெட்டலடி"ன்னாங்க. "என் பொழப்பை என்கிட்டயே காட்டுறான் அந்த ஆளு."

நான் நம்பலை. மறுநாள் போனோம், அதுக்கு அடுத்த வாரமும் போனோம். அதே தண்ணி, அதே சிரிப்பு, அதே கையெழுத்து பாக்கி. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. சரி அண்ணி, உங்ககிட்டேர்ந்து யாராவது சொன்ன நாள்ல துணி வாங்கிட்டுப் போயிருக்காங்களான்னு கேட்டேன். ஒரே ஒரு நர்ஸம்மா உண்டாம். அவங்க கத்தலையாம், கெஞ்சலையாம். "தைச்சவரைக்கும் காட்டுங்க"ன்னு சொல்லிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்களாம். வேற வழியே இல்லாம அண்ணி அப்பவே வெட்டித் தைச்சுக் கொடுத்தாங்களாம்.

அவ்வளவுதான், மறுநாள் காலையில பிள்ளைங்களைப் பையும் சீருடையுமா நேரா தொகுதி வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டோம். உதவியாளர் வாயைத் திறக்கிறதுக்குள்ள அண்ணி முந்திக்கிட்டாங்க.

"கையெழுத்துதானே பாக்கி? எழுதினவரைக்கும் காட்டுங்க, பார்த்துட்டுப் போயிடுறோம்."

அவர் ஒரு அலமாரியைத் திறந்தார், மூடினார். இன்னொண்ணைத் திறந்தார். யாருக்கோ போன் பண்ற மாதிரி பண்ணினார். "பாவம், நானும் இப்படித்தான் துணி மூட்டையைக் கிளறுவேன்"னு அண்ணி என் காதுல சொல்லிட்டு, கூடத்து நடுவுல சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க. பிள்ளைங்களும் உட்கார்ந்தாங்க. மளிகைக் கடைக்காரர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க, பிள்ளைங்க கூடமே அதிர்ற மாதிரி திருப்பிச் சொன்னாங்க. அண்ணி பொண்ணு பழக்கத்துல பையைத் தூக்கித் தலையில வெச்சா. மேல அண்ணாந்து பார்த்தா. விரிசல் ஒண்ணும் இல்லை. மெதுவாப் பையை இறக்கி மடியில வெச்சுக்கிட்டா. அதைப் பார்த்ததும் அண்ணி முகத்துல இருந்த சிரிப்பு போயிடுச்சு.

பாதி முகத்துல சவர நுரையோட தொகுதி உள்ளேர்ந்து ஓடி வந்தார். என்ன சத்தம்னு கேட்டார்.

"பள்ளிக்கூடம்தாங்க"ன்னாங்க அண்ணி. "அங்க கூரை பிள்ளைங்க மேல விழுது. உங்க கூரை கெட்டியா இருக்கு. அங்க கட்டி முடிக்கிற வரைக்கும் இங்கயே படிக்கட்டும்."

அவர் நாளைக்கே எழுதிடுறேன்னார்.

"நாளைக்குன்னு சொல்றவங்களை எனக்கு நல்லாத் தெரியுங்க. நானே அந்த ஜாதிதான்."

தொகுதி உதவியாளர்கிட்டேர்ந்து பேனாவை வாங்கினார். எங்க கண்ணு முன்னாடியே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார், நுரை கன்னத்துலயே காய்ஞ்சு போச்சு. அதுக்காகப் பணம் ஒண்ணும் பறந்து வந்துடலை. சட்டசபையில அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் அப்பப்போ போய் அந்தக் கூடத்துல வாய்ப்பாடு சொல்லிட்டுத்தான் வந்தோம். இன்னிக்கும் எங்க பிள்ளைங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு தண்ணி பட்ட பாடுன்னா, அது தொகுதி வீட்டுப் படிப்பு.

கூரை வந்துது. புது வகுப்புல பிள்ளைங்க உட்கார்ந்து கொஞ்ச நாள் இருக்கும், டீச்சர் தையல் கடைக்கே வந்து நின்னாங்க. நானும் அங்கதான் இருந்தேன். உங்க பொண்ணு வகுப்புல வாயே மூட மாட்டேங்கிறா, பக்கத்துப் பிள்ளையையும் கெடுக்கிறா, கண்டிச்சு வையுங்கன்னு சத்தம் போட்டாங்க. அண்ணி காலுக்கடியில மெஷின் நின்னுடுச்சு.

"பேசுறாளா டீச்சர்?"னு கேட்டாங்க. "நல்லாப் பேசுறாளா?"

கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டுது. என் அண்ணி அழுது நான் பார்த்ததே இல்லை, சந்தோஷத்துல எனக்கும் அழுகை வந்துடுச்சு. டீச்சர் ஒண்ணும் புரியாம எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. அப்புறம் பேச்சை மாத்தி, புது வகுப்புக்குத் தைக்கக் கொடுத்த ஜன்னல் திரை என்ன ஆச்சுன்னு கேட்டாங்க.

அண்ணி முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டே, "தைச்சாச்சு டீச்சர், காஜா மட்டும்தான் பாக்கி"ன்னாங்க.

டீச்சர் ஓரமா இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க.

"தைச்சவரைக்கும் காட்டுங்க."

அண்ணி விருட்டுனு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. டீச்சருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்ததுன்னு நீங்களும் கேட்காதீங்க. நாத்தனார் புத்தின்னு முதல்லயே சொன்னீங்கல்ல?