ஜோடி இல்லாத பதினோரு பூட்ஸும் பட்டணத்துத் துறைமுகமும்

வெளிநாட்டிலிருந்து தருமப் பெட்டி வருகிறது என்று யாராவது சொன்னால் உடனே சிரித்துவிடாதீர்கள். நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிப்பவர்களில் யாரேனும் அதை மீட்டுவரப் பட்டணம் போக நேரலாம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் மிஷன் விடுதியில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் விளங்காத பிள்ளைகள் பதினோரு பேர். அவர்களில் சகாயத்துக்கு வயது பதின்மூன்று, மானாம்பதிக்காரன். போன வருஷம் பழுப்புக் காகிதத்தில் ஒவ்வொருவர் பாதத்தையும் பென்சிலால் வரைந்து கடல் கடந்த ஒரு தரும சங்கத்துக்கு அனுப்பினார் வார்டன் ஐயா. இரும்புக் கம்பி பூட்டிய பூட்ஸ் ஆறே மாதத்தில் செய்து கப்பலேற்றிவிட்டார்கள். அதே கப்பலில் வந்த பால்பவுடரை நாங்கள் கரைத்துக் குடித்து ஏப்பமும் விட்டாயிற்று. பூட்ஸ் பெட்டி மட்டும் எட்டு மாதமாகக் கிடங்கில் கிடந்தது. கிடப்பதால்தான் கிடங்கு என்று பெயர் வைத்தார்களோ என்னவோ.

காரணம் கேட்டு நான்கு கடிதம் போட்டார் வார்டன் ஐயா. நான்குக்கும் கஸ்டம்ஸிலிருந்து ஒரே பதில்: மற்ற ஜோடி எங்கே? சில வியாபாரிகள் இடது செருப்பை ஒரு கப்பலிலும் வலது செருப்பை இன்னொன்றிலும் அனுப்பி வரியை ஏய்ப்பார்களாம். பெட்டியில் இருந்ததோ இடது நான்கு, வலது ஏழு. எனவே நாங்களும் திருடர்கள். விளங்காத காலையே கொண்டுவந்து காட்டினால் விடுவார்கள் என்றார், துறைமுகத்தில் சரக்கை மீட்டுத் தரும் கிளியரிங் ஏஜெண்டு. ஆகவே போன புதன்கிழமை புறப்பட்டோம். சகாயம் சாட்சி, வார்டன் ஐயா வக்கீல், பதினாறு வயதான நான் சாட்சியைச் சுமக்கும் வாகனம்.

உத்திரமேரூரில் காலை 5.40க்குப் பஸ். செங்கல்பட்டு பதினேழு மைல், முக்கால் ரூபாய். சகாயத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு, நடப்பது ரெண்டு காலுதான், ஒரு டிக்கெட் போதும் என்றேன் கண்டக்டரிடம்.

"உக்கார்றது ரெண்டாச்சே நைனா" என்று இரண்டு கிழித்தார். நியாயமான மனிதர். அன்று நாங்கள் பார்த்த கடைசி நியாயம் அதுதான்.

செங்கல்பட்டில் 7.10க்கு ரயில். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் மாறினால் ஒன்பதே காலுக்குக் கடற்கரை நிலையம். துறைமுகம் எதிரிலேயே. கஸ்டம்ஸ் அதிகாரி வந்தது பதினொன்றுக்கு. எங்களைக் கூப்பிட்டது பன்னிரண்டரைக்கு.

"காலை மேசைமேல வை" என்றார். சகாயம் கால்சட்டையைச் சுருட்டி, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி வைத்தான். பக்கத்து மேசைக்காரர்கள் மூன்று பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் பென்சிலால் தொட்டார். மாடு வாங்க வந்தவர்கள்கூடப் பல்லைப் பார்க்கும்முன் ஒரு வார்த்தை பேசுவார்கள். பிறகு கையெழுத்து. எட்டு மாதம் நகராத பேனா மூன்றே நிமிடத்தில் நகர்ந்தது.

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வரும்போது அதில் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். இவருடைய மற்ற ஜோடி எந்தக் கப்பலில் வருகிறதென்று இவரே தேடட்டும். வார்டன் ஐயா முன்னால் போய்விட்டார். மாடிப்படியில், முதுகிலிருந்த சகாயத்தின் கைக்கு அது தட்டுப்பட்டது.

"வாணாம்ணா. ஒத்தக் காலோட வூட்டுக்குப் போறது இன்னான்னு எனக்குத் தெரியும். வச்சிட்டு வா."

அவனைப் படியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினேன். வைத்தேன், ஆனால் இடம் வலம் மாற்றி. அவ்வளவுதான் என்னால் முடிந்த மன்னிப்பு.

கிடங்கில் பெட்டியை உடைத்தார்கள். பேர் எழுதிய அட்டையோடு சகாயத்தின் பூட்ஸ் புது வாசனையாக இருந்தது. அவன் காலை நுழைத்தான். குதிகால் இரண்டு விரல்கடை வெளியே நின்றது. நான் மண்டியிட்டு அழுத்தினேன், வார்டன் ஐயாவும் அழுத்தினார். செய்ய ஆறு, கிடக்க எட்டு என்று பதினான்கு மாதமாகக் காகிதம் வளரவில்லை, பையன் வளர்ந்துவிட்டான். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தவன், தாம்பரம் தாண்டியதும், "சின்னமணிக்கும் இடது கால்தானே" என்றான். பதினோரு பேரில் இளையவன் சின்னமணி; அவனுக்கென்று வந்ததும் இந்நேரம் பத்தாது. இப்போது சின்னமணி அதைப் போட்டுக்கொண்டு விடுதி முற்றத்தில் டக் டக்கென்று நடக்கிறான். சகாயத்துக்குப் பழைய ஊன்றுகம்புதான்.

போகிறவர்களுக்கு: காலைப் பஸ்ஸை விடாதீர்கள். கட்டுச்சோறு கொண்டுபோங்கள். பெட்டியின் பட்டியலிலேயே, இவை விளங்காத காலுக்கு, ஒற்றையாகத்தான் வரும் என்று அனுப்புகிறவர்களை எழுதச் சொல்லுங்கள்.

முந்தாநாள் சகாயத்துக்குப் புது அளவு எடுத்தோம். காகிதத்தில் அவன் காலை வைத்தான், பென்சில் என் கையில். பாதத்தை ஒட்டி வரையவில்லை. கப்பலுக்கு ஒரு விரல்கடை, கஸ்டம்ஸுக்கு இரண்டு விரல்கடை தள்ளி வரைந்தேன். நீங்களும் அப்படியே வரையுங்கள்.