விரல் மூடாத பெயர்

மீமிசலில் நான் முதியோர் வகுப்பு எடுத்தபோது மீன் விற்கும் ஒரு பெண் படிக்க வந்தார். விரல்களில் எப்போதும் செதில் ஒட்டியிருக்கும். கொழும்பில் வேலை பார்த்த கணவரின் கடிதங்களைத் தானே படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சீக்கிரமே கற்றுக்கொண்டார். கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து சத்தமாகப் படிப்பார். கடைசியில் 'காளிமுத்து' என்று வரும்போது மட்டும் அதை விரலால் மூடிக்கொண்டு சிரிப்பார். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாதல்லவா?

ஒருநாள் கொழும்பிலிருந்து வேறு யாரோ எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதல் வரியைப் பார்த்ததும் மடித்துவிட்டேன்.

"குடுங்க சார். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

எழுத்துக் கூட்டினார். "காளிமுத்து... காய்ச்சலில்... இறந்துவிட்டார்."

கடிதத்திலிருந்து நிமிர்ந்து, "அவுக பேரைச் சொல்லிட்டேனே சார்" என்றார்.

நான் இன்னும் மெதுவாகவே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.