மேற்கு வாசலும் புயல் படமும்

பழைய எஸ்டேட் பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றியபோது, உள்ளே கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளிப்போக என் ஜீப்பைக் கூப்பிட்டார்கள். உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் இந்தப் படம் கிடந்தது. வேணும்னா எடுத்துக்க என்றார் மேஸ்திரி. எங்கள் மலையூர் சூரியநெல்லிக்குக் கொண்டுவந்து வீட்டில் மாட்டினேன்.

பழுத்த தாளில் வெறும் கறுப்பு மை. மலைமேல் புயல். பெரிய மரமொன்று வேரோடு பிடுங்கிக்கொண்டு சாய்கிறது. கீழே ஆறு மரப்பாலத்தின் இடுப்பை ஒடிக்கிறது. பாலத்தின் மேல் சுண்டுவிரல் நகமளவு ஒரு ஆள், தொப்பியை அமுக்கிக்கொண்டு குனிந்து நிற்கிறான். ஓரத்தில் ஏதோ வெள்ளைக்காரன் கையெழுத்து, ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வருஷம். என் ஜீப்பில் மலையேற வந்த சென்னைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: இது கையால் வரைந்ததில்லை, செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அந்தக் கீறலை அமிலத்தில் அரிக்கவிட்டு, மை நிரப்பி அழுத்தி எடுத்தது. அமிலத்தைக் கடிக்கவிட்டே ஒரு புயலை உண்டாக்கியிருக்கிறார்கள். அதன்பிறகு எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

என் மனைவிக்கு அது கிடையாது. பாரதப் போர், மூழ்குகிற கப்பல், அழுகிற பிள்ளை, இந்தப் படமெல்லாம் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள்.

"ஏங்க, ஊரையே பிச்செறியுற படத்தக் கொண்டாந்து நம்ம கூரைக்குக் கீழ மாட்டுறீங்களே."

"அதுல அடிக்கிற காத்துக்கு, பக்கத்துல இருக்கிற காலண்டர்கூட ஆடல."

"ஆடுறப்ப சொல்லுறேன்."

கூரை என்றால் அவளுக்கு உயிர். எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்து கிள்ளி, கடைசியில் எங்களுக்கென்று போட்ட தகரக் கூரை. மழைக்கு முன்னால் மணல் மூட்டையும் பழைய டயரும் ஏற்றி அதை அமுக்கிவைப்பாள். பக்கத்து வீட்டு மாமா கிண்டல் செய்வார்: "மலையில வீடு கட்டுனவன் காத்துக்கும் வாடகை குடுக்கணும் தாயி."

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்று சொன்னவர் சமவெளிக்காரராக இருக்க வேண்டும். எங்களுக்கு ஆனியிலேயே பறக்கும். அன்று மதியம் காற்று மேற்கிலிருந்து வந்தது. யூக்கலிப்டஸ் மரங்கள் எலும்பு முறிகிற சத்தத்தோடு ஒடிந்தன. மழை பெய்யவில்லை, யாரோ அதை ஆத்திரத்தில் எறிந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. காற்று அறைகிற பக்கத்துக் கதவைத் தாழ்போட்டு முட்டுக்கொடுப்போம். எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்துவைப்போம். போக வழியிருந்தால் வந்தவன் வீட்டை உடைக்க மாட்டான் என்பார்கள். எங்கள் முன்வாசலான மேற்கு வாசலுக்கு அம்மிக்கல்லை உருட்டி முட்டுக்கொடுத்தவள் அவள்தான்.

அப்போது சுவர் அதிர்ந்து, ஆணி பிடுங்கி, படம் கீழே விழுந்தது. கண்ணாடி சிதறியது.

"போதும்" என்றாள். படத்தைத் தூக்கினாள்.

"ஏய், பின்வாசல் வழியா எறி" என்று கத்தினேன்.

"வந்த வாசல் வழியாத்தான் போகணும். இல்லன்னா திரும்பி வரும்."

தீட்டானதை வெளியேற்ற அதுவும் ஒரு வழக்கம். அம்மியைக் காலால் தள்ளித் தாழை நீக்கினாள். கதவு அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்தது; கையிலிருந்த படம் பறந்தது. உள்ளே பாய்ந்த காற்றுக்குப் பின்வாசல் போதவில்லை. மேலே எழும்பிக் கூரையைப் பிடித்தது. திருகாணிகள் பட்டாசாய் வெடித்தன. டயர்கள் உள்ளே விழுந்தன. ஒரு தகரம் கிழிந்து இறங்கி அவள் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்தது. ரத்தமும் மழையும் சேர்ந்து தரையில் ஓடின. அவளைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. மாமாவும் லயத்து ஆட்களும் அரிவாளோடு முன்னே வெட்டிக்கொண்டே போக, பின்னால் ஊர்ந்தேன். வழி நெடுக அவள் என் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிந்ததும் கேட்டாள்: "கூரை போச்சா?"

"போச்சு. அடுப்படிக்கு மேல மட்டும் கொஞ்சம் நிக்கிது."

"அப்ப அடுப்பு நனையாது." "பாத்தீங்களா அந்தப் படத்த."

"படமா கதவத் திறந்துச்சு?"

"என் கையால திறக்க வச்சுச்சே."

அவள் கடித்திருந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன்.

மழை விட்டதும் வீட்டுக்குமேல் தார்ப்பாய் கட்ட வந்தவர்கள் தேயிலைச் செடிகளுக்குள் படத்தைக் கண்டெடுத்தார்கள். சட்டம் நொறுங்கியிருந்தது. தாள் ஊறிப்போயிருந்தது. மை மட்டும் ஒரு கோடுகூடக் கலையவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இந்தத் தொப்பிக்காரன் இன்னும் விழாம நிக்கிறான் பாருங்க."

"அப்ப மாட்டிரலாமா?"

"வீட்டுக்குள்ள வேணாம்" என்றாள். "ஜீப் கொட்டகையில மாட்டுங்க. அங்க கதவே கிடையாது. வர்றது வரட்டும், வந்த வேகத்துல போயிரும்."