அன்னத்தாய் கழுவிய வாளி

அன்னத்தாய்க்கு நாற்றம் என்றாலே ஆகாது. இத்தனைக்கும் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டு கழுவியவள். ரத்தம், சீழ், வாந்தி எல்லாவற்றையும் பினாயிலால் துடைத்தே காலத்தை ஓட்டியவள். மூக்கு மரத்துப் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் இல்லை. எங்கே லேசாக நாறினாலும் பினாயில் பாட்டிலோடு போய் நிற்பாள்.

அய்யனார் கோவில் போகிற வழியில் அவளுக்கு முப்பத்தாறு தென்னை இருந்தது. எட்டு வயசு மரங்கள், இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தன. கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கும் மகள் வின்சியின் படிப்பும், இருவர் சாப்பாடும் அவற்றை நம்பித்தான். அதில் நாலு மரம் அடுத்தடுத்துக் குருத்து சாய்ந்து செத்தது. தண்டைக் குடைகிற சிவப்புக் கூன்வண்டின் வேலை.

வேளாண்மைத் துறை ராம்குமார் வந்து தோப்போரம் இரண்டு வாளிகளைக் கட்டினார். ஆண் வண்டு ஒரு வாசனையை விட்டுத்தான் தன் கூட்டத்தைக் கூப்பிடுமாம். அதே வாசனையைச் செய்து அடைத்த பாக்கெட் மூடியில் தொங்கியது. அடியில் அன்னாசித் தோலும் கரும்பும் புளிக்கிற தண்ணீர். இரண்டு வாசனையும் சேர்ந்தால்தான் வண்டு நன்றாக விழும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தாள். நுரை தள்ளிய தண்ணீரில் ஊறி உப்பிய வண்டுகள், விளிம்பெல்லாம் ஈப்புழு. மனுஷி வைத்திருக்கிற பொருளா இது? கீழே கொட்டி, பினாயில் ஊற்றித் தேய்த்து, நல்ல தண்ணீர் நிரப்பிக் கட்டினாள். பிறகு வாரம் இரண்டு தடவை அதே வேலை. வாளியில் ஒரு வண்டும் விழவில்லை. சனியன் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தாள்.

அதோடு விட்டாளா? ஒரு மரத்தின் தண்டில் ஓட்டை வழியே பழுப்பாக ஏதோ சீழ் மாதிரி வடிந்து காய்ந்திருந்தது. புண்ணை அப்படியே விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. அரிவாளால் உள்சதை தெரியும்வரை செதுக்கினாள். அந்த வேகத்தில், கறை தெரிந்த இன்னும் பத்து மரங்களையும் செதுக்கிக் கழுவிவிட்டாள்.

நாலு மாதம் கழித்து அந்த முதல் மரத்தின் தலை, காற்றே இல்லாத ஒரு மத்தியானத்தில் ஒடிந்து விழுந்தது. ராம்குமார் வந்து தண்டைப் பிளந்தார். கட்டைவிரல் தடிமனில் வெளுத்த கூன்வண்டுப் புழுக்கள், அழுகிய நார்க்கூழில் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. அன்னத்தாய் வரப்பில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அவர் மற்ற மரங்களின் வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். வாளியை முகர்ந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"பச்சைக் காயத்து வாசத்துக்குத்தாம்மா பொட்டை வண்டு தேடி வரும். அதுலதான் முட்டை வைக்கும். நீங்க செதுக்குன இடமெல்லாம் அதை வா வான்னு கூப்புட்டிருக்கு. கொல்லுத வாளியை மட்டும் கழுவி வச்சிருக்கீங்க."

அன்னத்தாய்க்குப் புழுவைப் பார்த்து வந்த குமட்டல் ஒன்றுமே இல்லை. தன் கையைப் பார்த்தபோது வந்ததுதான் தாங்க முடியவில்லை.

வெட்டுகளில் மருந்து போட்டுப் பூசினார்கள். வாளிகளில் மறுபடி அன்னாசித் தோலும் கரும்பும் போட்டுப் புளிக்கவிட்டு, அந்த அழுகலை அவளே முழங்கைவரை கைவிட்டுக் கலக்கி வைத்தாள். அடுத்த சனிக்கிழமைக்குள் இருபத்து மூன்று வண்டு விழுந்தது. ஆனால் செதுக்கிய அந்தப் பத்து மரங்களுக்குள் ஏற்கெனவே என்ன போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தண்டில் காதை வைத்தால் உள்ளே புழு மெல்லும் சத்தம் கேட்கும் என்று ராம்குமார் சொல்லியிருந்தார்.

கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தோப்புக்கு வந்த வின்சி, மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றாள். அம்மா ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக் காதை அழுத்தியிருந்தாள். அடுத்த மரம், அதற்கடுத்தது. செதுக்காத மரங்களைக்கூட விடவில்லை. கடைசியில் மகளைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, நீ கேட்டுச் சொல்லு. எனக்கு எல்லா மரத்துலயும் கேக்குது."