வெர்னா அழிக்காத குறி

வெர்னா ஸ்லோகம் இருபத்தாறு வருஷம் எங்கள் பாட்டர்ஸ் பேஸ்பால் அணிக்கு ஸ்கோர் எழுதியவள். ஓஹையோ ஆற்றங்கரையில் பீங்கான் ஆலைகள் புகைந்துகொண்டிருந்த காலத்தில் அணிக்கு வைத்த பெயர் அது; குயவர்கள் என்று அர்த்தம். ஆலைகள் மூடின. ஒரு வெள்ளம் மைதானத்தின் இருக்கைகளை அடித்துக்கொண்டு போனது. லீக் இரண்டு முறை எங்களைக் கழற்றிவிட்டது. நாங்கள் திரும்பவும் பலகை அடித்து, புல் வைத்து, ஆடினோம். வெர்னாவுக்குப் பகலில் பள்ளிச் சமையலறையில் வேலை, மற்ற நேரத்தில் பென்சில். அவள் கை காட்டினால்தான் நான் ஸ்கோர் பலகையில் எண் மாட்டுவேன்.

ஆட்டக்காரர்கள் ஊரார் வீடுகளில் தங்குவார்கள். ஒரு வருஷம் லைல் ஹோபர்ட் அவள் வீட்டில் இருந்தான். தொடர்ந்து இருபத்தொன்பது ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஓர் அடியாவது எடுத்திருந்தான். லீக்கின் சாதனை முப்பது. சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று அடித்தால் அதைத் தாண்டிவிடுவான்.

பிடிக்கவேண்டிய பந்தைத் தடுப்பாளன் நழுவவிட்டால் அது அவனுடைய பிழை. அடித்தவனுக்கு அடியாகச் சேராது. எது அடி, எது பிழை என்று முடிவு செய்வது வெர்னா ஒருத்திதான்.

சனிக்கிழமை லைலின் கடைசி வாய்ப்பு; அன்று அதுவரை ஓர் அடியும் இல்லை. பந்து நேராக எதிரணித் தடுப்பாளன் கையுறைக்குள் போய்த் துள்ளி விழுந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. நான் எண்ணை மாட்டப் போனேன். வெர்னா விரலை ஆட்டினாள். பிழை.

அணி நிர்வாகி டுவேன் புரூயிட், ஸ்கோர் பலகையை ஒட்டிய வெர்னாவின் அறைக்கு மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

"வெர்னா, அது அடி!"

"கையுறைக்குள்ள வந்து உக்காந்துச்சு டுவேன். காப்பி குடுக்காததுதான் பாக்கி."

"நம்ம பசங்களுக்குச் சம்பளம் குடுக்கற பெரிய அணியோட ஆள் நாளைக்குக் கூட்டத்தைப் பாக்க வர்றாரு. இந்தச் சாதனைக்காகத்தான் டிக்கெட் அத்தனையும் போயிருக்கு. மைதானம் காலியா கெடந்தா நம்மள தலைமுழுகிருவாங்க. காலைக்குள்ள மாத்த உனக்கு அதிகாரம் இருக்குல்ல?"

"எனக்கு இருக்கு. உனக்கு இல்ல."

"ஊரு நல்லா இருக்க வேணாமா?"

"விரிசல் விட்ட தட்டுக்கெல்லாம் முதல் தரம்னு முத்திரை குத்திக் குத்தித்தான் ஆலையே மூடிச்சு. குத்தினது எங்கப்பா கை. நான் குத்த மாட்டேன்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நானும் அவள் வீட்டில் இருந்தேன். ஊரார் திட்டுவதற்கென்று தொலைபேசி ஓயாமல் அடித்ததால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். லைல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ் வெர்னா, நீங்க என் பக்கம்னு நெனச்சேன்."

"உன் பக்கந்தான். அதான் உனக்குப் பெரிய துண்டு பன்றிக்கறி. அந்தப் பந்து உன்கிட்ட வந்திருந்தா பிடிச்சிருப்பியா?"

லைல் கறியை வெட்டினான். "கண்ண மூடிக்கிட்டு."

"அப்ப பீன்ஸையும் சாப்பிடு."

காலையில் அவள் எதையும் மாற்றவில்லை. லைலின் தொடர் இருபத்தொன்பதோடு நின்றது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு டிக்கெட்கூடத் திரும்பி வரவில்லை. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இருக்கை நிரம்பிவிட்டது. எல்லாரும் வெர்னாவுக்கு ஊளையிட வந்திருந்தார்கள். "வெர்னா, எங்க மாமாவோட கண்ணாடி தரவா? அவரு செத்துட்டாரு, ஆனா உன்னைவிட நல்லாப் பாப்பாரு!" என்று ஒருத்தி கத்தினாள். வெர்னா ஜன்னலோரம் வந்து, வேர்க்கடலைத் தோலை அவள் பக்கம் ஊதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"யாரை இப்படித் திட்டறாங்க?" என்று பெரிய அணியின் ஆள் கேட்டார்.

"எங்க ஸ்கோர் எழுதறவங்களை" என்றான் டுவேன். கல்யாணப் பெண்ணைக் காட்டுவதுபோல் சொன்னான்.

அக்டோபரில் பெரிய அணி எங்களை விட்டுத்தான் போனது. கூட்டம் போதும், ஊரின் அளவுதான் போதாது என்று கடிதம் வந்தது. மே மாதம் நாங்களே ஓர் அணி சேர்த்தோம்: பஸ் ஓட்டுகிறவர், முடிவெட்டுகிறவர், பழைய ஆட்டக்காரர்கள் நாலு பேர். சட்டையில் அதே பெயர். முதல் ஆட்டத்தில் பந்து வீசும் முன்பே வெர்னாவுக்கு ஊளை கிளம்பியது. அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் எண்களை அடுக்கிவைத்துக்கொண்டு அவள் கையைப் பார்த்தபடி நின்றேன்.